மீதிக் கணக்கு

ஜூன் முப்பது. டுலூத்தில் இன்னும் ஸ்வெட்டர் காலம்தான்.
ஏரியிலிருந்து ஏறிவந்த மூடுபனி
கார் நிறுத்துமிடத்தில் பாதியைத் தின்றுவிட்டது.
கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தாதுக் கப்பல் சங்கு ஊத,
தூக்குப்பாலம் எழும் ஓசை மட்டும்.

நான் இந்த ஹாக்கி அணியின் சம்பளக் கணக்குக்காரி.
வட்டைத் தொட்டதில்லை. சறுக்கவும் வராது.
கடைசி இடம், அதற்கு முந்தைய இடம், மறுபடி கடைசி:
மூன்று பருவமாக இதற்கு
மறுகட்டுமானம் என்று பெயர்.
கட்டுவதற்கு முன்னால் இடிக்க வேண்டுமாம்.
இடித்த கூலிச் சீட்டு என் மேசைக்கு வரும்.

காலை எட்டரைக்கு மேலாளர் வெஸ்டர்லண்ட்
நின்றபடியே பட்டியலைத் தந்தார்.
கோலி ஹ்லாவாச்சைக் கொடுத்து நாங்கள் பெற்றது:
"எதிர்காலப் பரிசீலனை."
படிவத்தில் அப்படித்தான் எழுத வேண்டும்.
ஆறடி மூன்றங்குலம், ஒரு மனைவி, இரண்டு பூனைகள்,
எல்லாம் சேர்த்து
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற விலைக்கு.

பத்தொன்பது வயது ஓயெலெட்டுக்கு மூன்றாண்டு.
கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை.
அவன் அம்மா எடுத்த படத்தில்
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி இருக்கிறான்.

அப்புறம் ஆறாம் எண். டார்சி மக்ஃபேல்.
பதினோரு பருவம், இருமுறை உடைந்த தாடை.
மிச்சம் இரண்டாண்டு, ஆண்டுக்கு முப்பது லட்சம் டாலர்.
வேண்டுவோர் உண்டா என்று எல்லா அணிக்கும் சுற்றுக்கு விட்டோம்;
ஒரு பகல் ஓர் இரவு, ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஆகவே தீர்த்துவிடும் விதி:
தொகையில் மூன்றில் இரண்டு பங்கு, ஆண்டுகளில் இருமடங்கு.
நாற்பது லட்சம், நான்கால் வகு.
மனக்கணக்காகவே வந்துவிட்டது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
கொஞ்சம் இழுத்திருக்கலாம்,
புள்ளிக்குப் பின்னால் தீராமல் ஓடியிருக்கலாம்.

ஆள் போய்விடுவார், பேர் ஏட்டில் இருக்கும்.
அதனால்தான் பேரேடு போலும்.

பதினொன்றரைக்கு அவரே வந்தார்
பார்க்கிங் அட்டையைத் திருப்பித் தர.
தபாலில் போட்டிருக்கலாமே என்றேன்.
"அதுல அம்பது டாலர் டெபாசிட் இருக்கு."
சிரிக்கவில்லை. ரசீது எழுதினேன்.

"உங்க கணக்குல நான் இன்னும் எத்தனை வருஷம்?"
நான்கு.
விரல் விட்டு எண்ணினார்.
"அப்போ என் சின்னவளுக்குப் பத்து வயசு.
வகுத்தல் தெரிஞ்சிருக்கும்."

தளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்றார்.
பனி ஏது? மே மாதமே உருக்கி வடித்தாயிற்று.
வெறும் சிமென்ட். சனிக்கிழமை நாய்க் கண்காட்சிக்கு
ஓரமாகப் பச்சைக் கம்பளச் சுருள்கள்.
தெரியும் என்றார். போனார்.

மாடிக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
சப்பாத்துக் காலோடு நடுத்தளம் தாண்டி நடந்தவர்
ஓரிடத்தில் சட்டென்று நின்றார்.
அங்கே கோடு எதுவும் இல்லை.
பனி இருந்தபோது அது நீலக்கோடு:
வட்டு தாண்டுமுன் ஆள் தாண்டக் கூடாது.
இடது காலை இந்தப் பக்கமே இழுத்துவைத்துக்கொண்டு
காத்திருந்தார்.

எவ்வளவு நேரமோ. எனக்குத் தொலைபேசி.
ஓயெலெட்டின் ஏஜென்ட்: பையன் பெயரில்
ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதாம்.
திருத்தி அனுப்பித் திரும்பினால்
தளம் காலி.
கம்பளக்காரர்கள் அந்த இடத்தின் மேல்
பச்சையை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

நண்பகல் கெடுவுக்கு நான்கு நிமிடம்.
மக்ஃபேல், டார்சி. பத்து லட்சம்.
பத்து லட்சம்.
பத்து லட்சம். பத்து லட்சம்.
அதற்குக் கீழே இன்னொரு வரி,
விதி எதுவும் தீண்டாதது:
பார்க்கிங் டெபாசிட், ஐம்பது டாலர்,
முழுத் தொகை, ஒரே தவணை.